கமலாவுக்குத் திங்கட்கிழமை தீபாவளி

1

தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் நம் ஊரில் அரசாங்க ஊழியர் வீடுகளுக்குத் துக்கம் விசாரிக்கவே போகலாம். ஒரு லீவு போயிற்றே என்று புதுவருடக் காலண்டரை வாங்கிய அன்றே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் இருக்கும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இப்போது அந்தக் கவலை இல்லை. பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் திங்களைப் பதிலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. நான் முழுமனதோடு ஒப்புக்கொள்ளும் அரசாங்க ஏற்பாடுகளில் இது ஒன்று.

இந்த வருடம் அப்படித்தான் சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் கிடைத்தது. வியாழக்கிழமை மாலை எங்கள் சலவை ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். 'இனிய தீபாவளி! ஞாயிறு தீபாவளி, திங்கள் மாற்று விடுமுறை. மூன்று நாளும் குடும்பத்தோடு கொண்டாடுங்கள்!' கீழே நாலு மத்தாப்பு, இரண்டு அகல் விளக்கு, ஒரு லட்டு. லட்டு என்று நினைத்து நான் தேடிப் பிடித்துப் போட்டது ஏதோ ஜப்பான்காரர்களின் பலகாரம் என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

குழுவில் நாற்பத்தொரு பேர். என்னையும் சேர்த்து ஆறு பேர் மாதச் சம்பளக்காரர்கள். மற்ற ஐந்து பேரும் உடனே கைதட்டினார்கள். மிச்சம் முப்பத்தைந்து பேரும் படித்தார்கள். படித்ததற்கு அடையாளமாக நீலக் கோடுகள் வரிசையாக விழுந்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் மணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். விடுமுறை நாளில் மணி ஓடாது. மூன்று நாள் கொண்டாடுங்கள் என்று நான் எழுதியதை அவர்கள் படித்தால், கொண்டாடும் நாளுக்கு உங்களுக்குக் கூலி கிடையாது என்றுதான் தெரியும். பக்கத்தில் மத்தாப்பு வேறு.

அந்தச் செய்தியோடு மூன்று நாளுக்கான ஷிப்ட் பட்டியலையும் இணைத்திருந்தேன். அதைப் பற்றி எனக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, பிறகு சொல்கிறேன். அரை மணி நேரம் கழித்து ஒரே ஒரு பதில் வந்தது. மடிக்கும் பிரிவில் வேலை செய்யும் கமலா எழுதியிருந்தார். 'சார், நாளைக்கு வந்ததும் உங்ககிட்ட பேசணும்.'

ஒன்பது வருடமாக என்னை 'அண்ணே' என்று கூப்பிடும் பெண்மணி. 'சார்' என்ற சொல்லை இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

2

எங்கள் ஆலை பெர்மாஸ் ஜெயா என்ற புறநகரிலிருந்து பத்து நிமிடத் தூரம். ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை எல்லாம் லாரி லாரியாக வரும். துவைத்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு எடுத்து, மடித்துத் திருப்பி அனுப்புவோம். உலகத்துக்கு விடுமுறை வந்தால்தான் எங்களுக்கு வேலை. இரண்டு நாடுகளையும் இணைக்கும் பாலத்துக்கு அந்தப்பக்கம் சிங்கப்பூரில் நீண்ட வாரக்கடைசி என்றால் இந்தப்பக்கம் ஓட்டல்கள் நிரம்பி வழியும். ஊர் சிரித்து விளையாடிச் சாப்பிட்டுத் தூங்கிய தடமெல்லாம் மறுநாள் காலை எங்கள் வாசலில் மூட்டையாக இறங்கும். மக்கள் எந்தப் பண்டிகைக்கு என்ன குழம்பு சாப்பிட்டார்கள் என்பதை விரிப்பைப் பார்த்தே சொல்லக்கூடிய நிபுணன் நான். இதற்குப் பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் இன்னும் வரவில்லை.

ஆலைக்கு ஆட்களை ஒரு ஏஜெண்ட் அனுப்புகிறார். மணிக்கூலிக்காரர்களுக்கும் பொது விடுமுறையில் ஏதோ உரிமை உண்டு என்று சட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். இருக்கும். அது கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு ஏஜெண்டின் மேசைவரை வந்து அங்கேயே களைத்துப் படுத்துவிடுகிறது. நான் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். இரண்டு முறையும் மிக அழகான எழுத்துருவில் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. என்னுடைய நிரந்தர வசிப்பிட அனுமதியும் இதே பரிசீலனையில் பல வருடம் இருந்ததுதான். அதற்கான சிவப்பு அடையாள அட்டை கைக்கு வந்தபோது அதிலிருந்த புகைப்படத்தில் எனக்கு முழுத் தலைமுடி இருந்தது; கவுண்டரில் இருந்த பெண் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க தம்பியா?" என்று மலாயில் கேட்டாள்.

சில காலம் முன்பு ஜொகூரில் வாரக்கடைசியையே மாற்றினார்கள். அதுவரை வெள்ளி, சனி. பிறகு சனி, ஞாயிறு. மாதச் சம்பளக்காரர்கள் எல்லாரும் அதைப் பற்றி ஒரு மாதம் விவாதித்தோம். நான் தேநீர் இடைவேளையில் கமலாவிடமும் கருத்துக் கேட்டேன்.

"எங்க வாரத்துக்கு ஏதுண்ணே கடைசி?" என்றார் அவர்.

கமலா பாலோ என்ற ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கணவர் இல்லை. ஒரே மகள் ஷாமினி, சிங்கப்பூர் ஓட்டல் ஒன்றில் இரவு ஷிப்ட். அங்கேயே ஆறு பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறாள். கமலாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. விரிப்பு உருளையிலிருந்து வெளியே வரும் வேகத்தில் அதை நான்காக, எட்டாக, பதினாறாக மடித்து அடுக்கிவிடுவார். அவருக்கு எதிர்முனையில் நின்று மடிப்பவர் யாத்தி என்ற மலாய்ப் பெண்மணி. இருவரும் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வருடமாக ஒருவரை ஒருவர் கேலி செய்துவருகிறார்கள்.

இந்த இரண்டு பேருக்கும் இடையில், இவர்களைப் போன்ற எல்லா மணிக்கூலிக்காரர்களுக்கும் இடையில், ஒரு வழக்கம் உண்டு. 'துக்கார்' என்பார்கள். மலாயில் மாற்றிக்கொள்வது என்று பொருள். ஹரி ராயா என்கிற நோன்புப் பெருநாளுக்கு யாத்தியின் ஷிப்டைக் கமலா செய்வார். தீபாவளிக்குக் கமலாவின் ஷிப்டை யாத்தி செய்வார். சீனப் பெருநாளுக்கு இரண்டு பேருமாகச் சீனர்களுக்கு நிற்பார்கள். அரசாங்கம் தராத விடுமுறையை ஒருவருக்கு ஒருவர் கைமாற்றிக் கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இதில் எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை, பரிசீலனையும் இல்லை. மேற்பார்வையாளரான என் வேலை, பட்டியல் போடுவதற்கு முன் "யார் யாரோட துக்கார்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுவது. அதற்குத்தான் எனக்கு மேசையும் நாற்காலியும்.

3

இவ்வளவும் தெரிந்த ஒருவன் எப்படி அந்த மத்தாப்பைக் கொளுத்தினான் என்று நீங்கள் கேட்கலாம். இன்னொன்றையும் சொன்னால் இன்னும் சத்தமாகக் கேட்பீர்கள்.

ராஜபாளையத்துப் பக்கம் ஒரு நூற்பாலையில் என் அப்பா பதினோரு வருடம் பதிலித் தொழிலாளி. இந்தக்காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: நிரந்தரத் தொழிலாளி யாராவது வராவிட்டால் அன்றைக்கு மட்டும் அவருக்குப் பதிலாக வேலை செய்பவர் பதிலி. தினமும் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு மில் வாசலில் போய் நிற்க வேண்டும். டைம்கீப்பர் பெயர் கூப்பிட்டால் உள்ளே போகலாம். கூப்பிடாவிட்டால் அதே தூக்கோடு வீட்டுக்கு. யாருக்காவது காய்ச்சல் வந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். ஊரில் எல்லாரும் நலமாக இருந்த வாரங்களில் நாங்கள் கஷ்டப்பட்டோம்.

தீபாவளிக்கு மில் மூடுவார்கள். நிரந்தரத் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு லீவு. ஆனால் மில் ஓடாத நாளில்தானே இயந்திரங்களைப் பிரித்துச் சுத்தம் செய்யமுடியும்? அதற்குப் பதிலிகளைக் கூப்பிடுவார்கள். ஆகவே தீபாவளியன்று அப்பா இருக்கமாட்டார். அடுத்த நாள் முதல், சொந்த ஊருக்குப் போன நிரந்தரக்காரர்கள் திரும்பும் வரைக்கும் தொடர்ந்து ஷிப்ட் கிடைக்கும், அப்போதும் இருக்கமாட்டார். அப்பா இல்லாமல் புதுத்துணி உடுத்தக்கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். தெருவிலுள்ள பிள்ளைகள் எல்லாம் புதுச் சட்டையை ஒருமுறை உடுத்தி, கிழித்து, அடிவாங்கி முடித்திருப்பார்கள். எங்கள் மூன்று பேர் சட்டையும் மஞ்சள் தடவின படியே டிரங்குப் பெட்டிக்குள் இருக்கும்.

அதனால் எங்கள் வீட்டில் தீபாவளி எப்போது வரும் என்பது பஞ்சாங்கத்தில் கிடையாது. அப்பாவுக்கு முதன்முதலாக எந்த நாள் வேலை இல்லாமல் போகிறதோ அன்று. மூன்றாம் நாளும் வரலாம், ஆறாம் நாளும் வரலாம். அவருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று அம்மா பிள்ளையாரிடம் வேண்டிக்கொள்வாள். கிடைக்கக்கூடாது என்று நாங்கள் அதே பிள்ளையாரிடம் வேண்டிக்கொள்வோம். அவர் பாடுதான் திண்டாட்டம்.

காலை எட்டரை மணிவாக்கில் தெருமுனையில் அப்பா திரும்பி வருவது தெரியும். கையில் திறக்காத தூக்கு. உடனே நாங்கள் மூன்று பேரும் "தீபாவளி! தீபாவளி!" என்று கத்திக்கொண்டு ஓடுவோம். கூலி இல்லாமல் திரும்பி வரும் மனிதரை ஊர் கேட்கும்படி கூச்சலிட்டு வரவேற்ற பிள்ளைகள் நாங்கள். அப்பா தூக்கைத் தரையில் வைத்துவிட்டுக் கடைசித் தம்பியைத் தூக்கிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். முயன்று பார்த்திருக்கிறேன், வரவில்லை.

அந்த மில்லை மூடிவிட்டார்கள். அப்பாவும் இல்லை. போன தடவை ஊருக்கு வந்தபோது அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே கல்யாண மண்டபம். "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று ஒருவர் கேட்டார். என் பெயரை யாராவது கூப்பிடுவார்கள் என்று நிற்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

4

இப்போது அந்தப் பெருமைக்கு வருகிறேன். இந்த வருடம் நான் யாரையும் கேட்கவில்லை. தீபாவளி ஞாயிறன்று ஆலையிலுள்ள தமிழர்கள் அத்தனை பேருக்கும் ஓய்வு கொடுத்து, மற்றவர்களைப் போட்டு நிரப்பினேன். திங்கள்தான் மூட்டைகள் குவியும் நாள். அன்றைக்கு ஒருவர் விடாமல் எல்லாரையும் போட்டேன். என் அப்பாவுக்கு ஒருவரும் கொடுக்காத தீபாவளியை நான் இந்த ஜனங்களுக்குக் கொடுத்துவிட்டதாக நினைப்பு. பட்டியலை ஏஜெண்டுக்கு அனுப்பிவிட்டு, குழுவிலும் போட்டுவிட்டு, கமலாவின் 'சார்' வந்த பிறகும் அன்று நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை கமலா என் மேசைக்கு வந்தார். வழக்கமாக "பசியாறியாச்சாண்ணே?" என்று கேட்டபடிதான் வருவார். இங்கே காலை உணவைப் பசியாறுவது என்பார்கள். வந்த புதிதில், சலவை ஆலையில் இவ்வளவு செந்தமிழா என்று நான் வாயைப் பிளந்ததுண்டு. அன்று அந்தக் கேள்வி இல்லை.

"என்னா சார் பண்ணி வச்சிருக்கீங்க?"

"என்ன கமலா?"

"எனக்கு சன்டே லீவு போட்டிருக்கீங்க."

"ஆமா, தீபாவளியாச்சே! இந்த வருசம் நம்ம ஆளுங்க எல்லாருக்கும் லீவு. நானே பாத்துப் போட்டேன்." கோயிலுக்குக் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்து, அதன் மேலேயே தன் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைப்பார்களே, அந்த உபயதாரரின் முகம் அப்போது எனக்கு இருந்திருக்கும்.

"நாங்க கேட்டமா?"

நான் பட்டியலை எடுத்துப் பிரித்தேன்.

"எங்க வீட்ல தீபாவளி மண்டே சார். புள்ளைக்கு சன்டே டபுள் ஷிப்ட். ஓட்டல் ஃபுல்லு, லீவு கேட்டா மூஞ்சியிலயே அடிப்பாங்க. மண்டே காலையில ஏழு மணிக்கு விடுவாங்க. அன்னிக்கே ராத்திரி பதினோரு மணிக்கு மறுபடியும் வேல. நடுவுல இருக்கறதுதான் எங்களுக்கு தீபாவளி. போன சித்திரைக்கும் வரல, அவ பொறந்த நாளுக்கும் வரல. மூஞ்சியப் பாத்து எட்டு மாசம் ஆவுது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே கமலா?"

"எப்பயும் நீங்கதான சார் வந்து கேப்பீங்க? யாத்திகிட்ட பேசி முடிச்சி வச்சிருந்தேன். சன்டே நான் வர்றது, மண்டே அவ வர்றதுன்னு. நீங்க கேப்பீங்கன்னு ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தோம். மத்தாப்புதான் வந்துச்சி."

அந்த நேரம் பார்த்து யாத்தி துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நிலைமை அவருக்குத் தெரியும். மலாயில், எல்லாருக்கும் கேட்கும்படி, "பாஸ், எனக்கு சன்டேயும் போட்டு மண்டேயும் போட்டிருக்கீங்க. அடுத்த ஹரி ராயாவுக்கு என்னைக் கேக்காம ஒரு கல்யாணமும் பண்ணி வச்சிருங்க லா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளினார்.

நான் உடனே ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமைக்கு ஒரே ஓர் ஆள் கூடுதலாகக் கிடைத்தால் போதும். பதிவு செய்த பெண்குரல் மூன்று மொழிகளில் தீபாவளி வாழ்த்துச் சொன்னது. நீண்ட விடுமுறையை முன்னிட்டு அலுவலகம் இன்றே மூடப்பட்டது, செவ்வாய்க்கிழமை அழைக்கவும் என்றது. பின்னணியில் நாதஸ்வரம். மணிக்கூலிக்காரரின் விடுமுறையை மாற்ற வேண்டிய மாதச் சம்பளக்காரர் விடுமுறையில் போய்விட்டார்.

"சரி, நீங்க மண்டே வராதீங்க" என்றேன். "நான் சமாளிச்சுக்கறேன்."

"எப்படி சமாளிப்பீங்க? உள்ள விட ரெண்டு பேரு, மடிக்க ரெண்டு பேரு. நாலு பேரு இல்லாட்டி ரோலர் ஓடாது. ஓடலன்னா மத்த மூணு பேரையும் பத்து மணிக்கே வீட்டுக்குப் போவச் சொல்லிருவாங்க. என் தீபாவளிக்கு அவளுங்க எதுக்கு சார் சும்மா உக்காரணும்?"

சொல்லிவிட்டு அவர் மடிப்பு மேசைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

5

ஞாயிறன்று எங்கள் வீட்டில் முறைப்படி தீபாவளி நடந்தது. என் மனைவி வசந்தி இங்கேயே குளுவாங் ஊர்க்காரி. பலகார விஷயத்தில் சமரசம் கிடையாது. ஐந்து டப்பாக்களில் ஐந்து வகை. சாப்பிட நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் சர்க்கரை.

மகன் கவின் கோலாலம்பூரில் நல்ல வேலையில் இருக்கிறான். மாதச் சம்பளம், எல்லாப் பொது விடுமுறையும் உண்டு, அதற்கு மேல் ஆண்டு விடுப்பு, நோய் விடுப்பு. நாயை மருத்துவரிடம் காட்டக்கூட ஏதோ விடுப்பு உண்டாம். காலை பத்து மணிக்கு வீடியோவில் வந்தான். பின்னால் கடல்.

"ஹேப்பி தீபாவளி பா! இங்க வெதர் சூப்பரா இருக்கு."

"வரலையாடா?"

"லாங் வீக்கெண்ட் லா பா. பிரெண்ட்ஸ் எல்லாம் அப்பவே புக் பண்ணிட்டாங்க. தீபாவளி எவ்ரி இயர் வருமில்ல?"

வரும்தான். அவன் சொன்னதில் பிழை இல்லை. அவன் திரும்பியபோது பின்னால் ஓட்டல் கட்டில் தெரிந்தது. விரிப்பின் மூலையை நன்றாக மடித்துச் செருகியிருந்தார்கள். தொழில் புத்தி, கண் அங்கேதான் போகிறது. அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். அவள் முறுக்கு டப்பாவைத் திறந்து கேமராவுக்குக் காட்டினாள். "சோ நைஸ் மா" என்றான். ஊரில் என் தம்பிகளும் இப்படித்தான் படத்தில் வந்து போனார்கள். நான் என் அறையில் போய், விடுமுறைக்கென்று எடுத்து வைத்திருந்த புத்தகத்தைத் திறந்தேன். ஒரே பக்கத்தை நாலு முறை படித்தேன்.

மதியம் சாப்பிடும்போது வசந்தியிடம் கமலாவின் கதையைச் சொன்னேன். சொன்னால் பாரம் குறையும் என்று பார்த்தேன். அவள் கேட்டுவிட்டு, "நாளைக்கு உங்களுக்கு லீவுதான?" என்றாள்.

"ஆமா."

"வீட்ல என்ன பண்ணப் போறீங்க?"

"ஓய்வு."

"எதுல இருந்து?"

நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன்.

"நீங்க நின்னா அந்த ரோலர் ஓடுமா?" என்றாள் மறுபடியும்.

"ஓடும். ஆனா எனக்கு மடிக்க வராது. நம்ம வீட்டு வேட்டியையே நீதானே மடிக்கிற."

"பழகிக்குங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கமலாவின் ஒவ்வொரு மணிக்கும் கணக்கு உண்டு. கதவருகே உள்ள கருவியில் முகத்தைக் காட்டினால்தான் அவருடைய நேரம் தொடங்கும், காட்டாவிட்டால் நின்றுவிடும். என் நேரத்தை யாரும் அளப்பதில்லை. நான் வந்தாலும் அதே சம்பளம், கடற்கரையில் படுத்திருந்தாலும் அதே சம்பளம். ஆகவே அதைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுக்க அந்த ஆலையில் என்னைப் போன்ற ஆறு பேரால்தான் முடியும். இத்தனை வருடத்தில் ஆறு பேரில் ஒருவருக்கும் அது தோன்றியதில்லை.

கமலாவுக்குப் போன் செய்தேன். நான்காவது ஆள் கிடைத்துவிட்டார் என்றேன். யார் என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, "கைய உள்ள விட்டுறாதீங்க, ரோலர் சுடும்" என்றார்.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூலியும் போயிற்று, திங்கட்கிழமைக் கூலியும் போயிற்று. இரண்டும் என் பட்டியலின் உபயம்.

6

திங்கள் காலை ஏழு மணிக்கு உருளை ஓடத் தொடங்கியது. வெளியே எத்தனையோ வருடம் நின்று பார்த்த இயந்திரம். எதிரே நின்று பார்ப்பது வேறு. விரிப்பு வெந்நீர்ச் சூட்டோடு வெளியே வந்து விழுகிறது; இரண்டு முனைகளைப் பிடிப்பதற்குள் அடுத்தது தலையைக் காட்டுகிறது. முதல் பத்து விரிப்புகளை நான் மடித்ததைப் பார்த்துவிட்டு, யாத்தி ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப மடித்தார். பதினோராவதில் பொறுமை போய்விட்டது.

"பாஸ், இது சம்பால் சோத்துப் பொட்டலம் இல்ல, பெட்ஷீட். கட்டைவிரல் மேல. இன்னும் மேல. அலமாக்! நீங்க ஆபீஸ்ல என்னதான் செய்றீங்க?"

"பட்டியல் போடுறேன்."

"அது எங்களுக்குத் தெரியும்."

மறுமுனையில் துணியை உள்ளே விடும் இரண்டு பெண்களும் சிரித்ததில் ஒரு விரிப்பு கோணலாகப் போய்விட்டது. ஒன்பது மணிக்கு என் முதுகு தனிக்கட்சி தொடங்கிவிட்டது.

பத்து மணிக்குக் கமலா அழைத்தார். "அண்ணே, புள்ள இன்னும் பாலத்துலயே நிக்கிறா. ஏழேகாலுக்கு பஸ் ஏறினவ. மூணு நாள் லீவுன்னு சிங்கப்பூரே கெளம்பி வந்திருச்சாம், பஸ்ஸ விட்டு எறங்கி நடக்கறா. நான் வேணா வந்துறவா? அவ வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் மடிச்சிக் குடுத்துட்டுப் போறேன். வீட்ல சும்மா கதவத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"வராதீங்க. நீங்க இங்க வர்ற நேரத்துல அவ அங்க வந்துட்டா?"

"அதான் பயமா இருக்கு" என்று வைத்துவிட்டார்.

பதினொன்று. பன்னிரண்டு. லாரிகள் வந்துகொண்டே இருந்தன. பாலத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் இன்று இரவு படுக்கப்போகும் விரிப்பைத்தான் நாங்கள் மடித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் முன்னால் வரிசையில் நின்றதால் கமலாவின் மகள் பின்னால் நின்றாள். யார் மீதும் கோபப்பட வழியில்லை. எல்லாரும் விடுமுறையில் இருந்தார்கள். நான் ஒவ்வொரு விரிப்புக்கும் ஒருமுறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். யாத்தி தொண்டையைச் செருமினார். மறுபடி விரிப்பைப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு மீண்டும் கைப்பேசி அடித்தது. யாத்தி என் முனையையும் தானே பிடித்துக்கொண்டு, போய்ப் பேசும்படி தலையசைத்தார்.

"அண்ணே." கமலா ரகசியக் குரலில் பேசினார்.

"வந்துட்டாளா?"

"பன்னெண்டரைக்கு வந்துட்டா. எண்ண தேச்சிக் குளிக்க வச்சேன். புதுச் சட்ட போட்டுக்கிட்டா, சாமி கும்பிட்டா. இட்லியும் கோழிக்கறியும் வச்சேன். ரெண்டு இட்லிதான் சாப்ட்டா. மூணாவது தட்டுல இருக்கும்போதே நாக்காலியில சாஞ்சி தூங்கிட்டா. கையக் கழுவி விட்டு, கூட்டிட்டுப் போயி மெத்தையில படுக்க வச்சிருக்கேன்."

"நல்லது."

"ஆறு மணிக்கு அவ கெளம்பணும். திரும்பிப் போறப்பயும் ஜாம் இருக்கும்." குரலை இன்னும் தாழ்த்தினார். "இன்னும் ஒண்ணுமே பேசலண்ணே. வந்தா, குளிச்சா, சாப்ட்டா. அவ்ளதான். எழுப்பவா, வேணாமா?"

எதற்கெடுத்தாலும் ஒரு கருத்து வைத்திருப்பவன் நான். கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ரெண்டு ஷிப்ட் சேத்து நின்ன புள்ள" என்றேன்.

"அதான்."

இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப்பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. இந்தப்பக்கம் உருளைச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

"ரோலர் ஓடுதாண்ணே?"

"ஓடுது."

"நீங்களா மடிக்கிறீங்க?"

"நான் மடிக்கிறேன். யாத்தி அதைப் பிரிச்சு மறுபடி மடிக்கிறாங்க."

அடக்கிக்கொண்டு சிரித்தார். "ஒரு மணி நேரம் தூங்கட்டும். நாலு மணிக்கு எழுப்பிர்றேன்."

நான் மடிப்பு மேசைக்குத் திரும்பினேன். நடந்ததை யாத்தியிடம் என் மலாயில் சொன்னேன். என் மலாய் இருபத்தாறு வருடமாகப் பரிசீலனையில் உள்ளது. அவருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கேலி பேசவில்லை. நாலு மணி ஆனபோது அவரும் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரைக்கு மறுபடி பார்த்தார்.

ஐந்தேகாலுக்கு என் சட்டைப்பையில் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. கமலாவிடமிருந்து ஒரு வரி.

'இன்னும் எழுப்பலண்ணே.'